ஆய்வு நாளில் காலியான காவல் மரங்கள்

காட்டின் நடுவே இருந்த குளக்கரையில் நீலவேணி என்னும் சாம்பல் மந்தி ஒரு கல்லூரியை நடத்தி வந்தது. ஆபத்து நெருங்குவதை முன்கூட்டியே உணர்ந்து, குரல் கொடுத்து, மற்ற உயிர்களைக் காப்பது எப்படி என்பதே அங்கே பாடம்.

மந்திக் குட்டிகளும் புள்ளிமான் குட்டிகளும் மயில் குஞ்சுகளும் அங்கே படித்தன. படித்து முடித்தவற்றை மான் கூட்டங்கள் காவலுக்கு அமர்த்திக்கொண்டன. காவலர் கூவினால் கூட்டம் ஓடும். கூவாவிட்டால் நின்று மேயும். ஆகவே கல்லூரியின் தரம் பல உயிர்களைப் பற்றிய காரியம்.

அந்தத் தரத்தை ஆராயக் காட்டுச் சபை ஒரு குழுவை வைத்திருந்தது. குழு கல்லூரியைப் பார்வையிட்டு, தகுதிக்கு ஏற்ப வாயிலில் இலைகளைக் கட்டிவிட்டுப் போகும். ஐந்து இலை மிகச் சிறப்பு. மூன்றுக்குக் குறைந்தால் அங்கே படித்தவர்களை எந்தக் கூட்டமும் ஏற்காது.

நீலவேணியின் கல்லூரிக்குச் சென்ற முறை இரண்டே இலைதான் கிடைத்தது. "வகுப்பில் பாதி இடம் காலியாக இருக்கிறது" என்று அப்போது வந்த குழு காரணம் சொன்னது. இம்முறையும் மூன்று இலை கிடைக்காவிட்டால் கல்லூரியை மூடிவிட வேண்டும் என்று சபை சொல்லியனுப்பியது.

நீலவேணிக்கு உணவு இறங்கவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு மைனா வந்து சேர்ந்தது. சொல்லழகன் என்பது அதன் பெயர். கல்லூரிகளை ஆய்வுக்குத் தயார் செய்து கொடுப்பது அதன் தொழில்.

"கவலையை விடுங்கள், முதல்வரம்மா! நான் கை வைத்த எந்தக் கல்லூரிக்கும் நான்கு இலைக்குக் குறைந்ததில்லை" என்றது மைனா. பிறகு கழுத்தை நீட்டி மரங்களைப் பார்த்தது. "அதோ, மரத்தின் மேலே சில பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருக்கின்றனவே, ஏன்?"

"அவை சும்மா இல்லை. காவல் பழகுகின்றன" என்றது நீலவேணி.

குளத்தைச் சுற்றி நாவல், மருது, வேங்கை, புளி என்று நான்கு மரங்கள் நின்றன. ஒவ்வொரு மரத்தின் உச்சியிலும் ஒரு மந்திக் குட்டி அமர்ந்திருக்கும்; அடியில் ஒரு மான் குட்டி நின்றிருக்கும். மேலே இருப்பது கண்ணால் பார்க்கும். கீழே இருப்பது மூக்கால் அறியும். முறை வைத்து எல்லாப் பிள்ளைகளும் அப்படிப் பழகின. தண்ணீருக்கு வரும் விலங்குகள் அந்தக் காவலை நம்பியே குனிந்து குடித்தன.

"அதனால்தான் வகுப்பில் இடம் காலியாகத் தெரிகிறது!" என்றது மைனா. "ஆய்வு நாளன்று எல்லாரையும் கீழே இறக்குங்கள். வகுப்பு நிறைந்திருக்க வேண்டும். யாரும் கூவக் கூடாது. கல்லூரி என்றால் அமைதி வேண்டும். வருகிறவர்களுக்கு ஒரு வரவேற்புப் பாட்டு, ஒரு மாலை. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்."

"மரங்களில் ஒருவர்கூட இல்லாமலா?"

"ஒரு நாள்தானே, அம்மா! கல்லூரியே இல்லாமல் போய்விட்டால் மரத்தில் யாரை உட்கார வைப்பீர்கள்?"

நீலவேணி நான்கு மரங்களையும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தது. கடைசியில் தலையசைத்தது. அந்தத் தலையசைப்பு அதற்கே பிடிக்கவில்லை.

ஆய்வு நாள் வந்தது. பிள்ளைகள் வரிசை வரிசையாக அமர்ந்திருந்தன. காவல் மரங்கள் காலியாக நின்றன. மருதி என்னும் மான் குட்டி, பாதையின் முனையில் கழுத்தில் பூமாலையுடன் நிறுத்தப்பட்டிருந்தது. மோப்பத்தில் அதுவே கல்லூரியில் முதலாவது.

"பாதையில் யார் வந்தாலும் சிரித்த முகமாக மாலையைக் கொடு" என்று மைனா அதனிடம் சொல்லியிருந்தது. "வாயைத் திறந்து கூவினாயோ, கல்லூரியை மூடிவிடுவார்கள். தெரிகிறதா?"

குழுவில் மூவர். தலைவராகிய ஆமையும் உறுப்பினராகிய நாரையும் முதலில் வந்து சேர்ந்தன. முள்ளம்பன்றி வழியில் கிழங்கைக் கண்டு பின்தங்கிவிட்டது.

ஆசிரியர்கள் என்று சொல்லி மைனா சில கிளிகளை முன்னால் நிறுத்தியது. நாரை ஒரு கிளியைச் சாய்ந்து சாய்ந்து பார்த்தது.

"உங்களை நேற்று மூங்கில்காட்டுக் கல்லூரியில் ஆசிரியராகப் பார்த்தேனே!"

"அவன் என் தம்பி, ஐயா!"

"அவனுக்கும் அலகில் இதே வெட்டு இருந்ததே?"

"எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் உண்டு, ஐயா!"

நாரை ஆமையைப் பார்த்தது. ஆமை பிள்ளைகள் பக்கம் திரும்பியது. "சிறுத்தை எப்படி வரும்?" என்று கேட்டது.

"காற்றுக்கு எதிர்த்திசையில், புல்லோடு புல்லாக, ஓசையின்றி வரும்!" என்று எல்லாப் பிள்ளைகளும் ஒரே குரலில் ஒப்பித்தன. மைனா பெருமையோடு இறகைக் கோதிக்கொண்டது.

அப்போது பாதையோரத்துப் புல் அசைந்தது.

"முள்ளம்பன்றி ஐயா வந்துவிட்டார்! பாடுங்கள், பாடுங்கள்!" என்று மைனா துள்ளியது.

பிள்ளைகள் பாடின. மருதி மட்டும் பாடவில்லை. அதன் மூக்கு விரிந்தது. கால்கள் நடுங்கின. வருவது முள்ளம்பன்றியின் வாசனை அல்ல. கூவ வேண்டும் என்று தொண்டை துடித்தது. கூவினால் கல்லூரி போய்விடும் என்று வாய் மூடிக்கொண்டது. அது மாலையோடு அப்படியே நின்றது.

நீலவேணி அந்த நடுங்கும் கால்களைக் கண்டது. புல்லைக் கண்டது. புல்லுக்குள் மஞ்சளாக ஏதோ பதுங்குவதையும் கண்டது.

அது யோசிக்கவில்லை. ஒரே பாய்ச்சலில் மருது மரத்தில் ஏறி, "கக்! கக்! கக்!" என்று காடே அதிரக் கத்தியது.

பாட்டு நின்றது. பிள்ளைகள் பழகிய பழக்கத்தில் மரத்திலும் தண்ணீரிலும் பாய்ந்தன. மருதியும் துள்ளியது. சிறுத்தையின் நகத்தில் பூமாலை மட்டும் அறுந்து தொங்கியது.

"பாட்டெல்லாம் பாடி வரவேற்றுவிட்டு, கடைசியில் இப்படிச் செய்கிறீர்களே!" என்று சிறுத்தை முகம் சுளித்தது. மறைவு கலைந்துவிட்டால் வேட்டை நடக்காது என்பது அதற்குத் தெரியும். மாலையை உதறிவிட்டுப் போய்விட்டது.

ஆமை ஓட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டியது. மைனா முந்திக்கொண்டது. "நான் தயார் செய்த கல்லூரிகளில் இப்படி ஒருபோதும் நடந்ததில்லை, தலைவரே!"

"அப்படியா? அந்தக் கல்லூரிகள் எவை எவை என்று சொல்லும். அவற்றையும் மறுபடி பார்க்க வேண்டும்" என்றது நாரை. மைனாவுக்கு உடனே வேறு எங்கோ அவசர வேலை வந்துவிட்டது. கிளிகளும் பின்னாலேயே பறந்தன.

நீலவேணி மரத்திலிருந்து இறங்கி வந்தது. "நான்கு மரங்களிலும் எப்போதும் பிள்ளைகள் இருக்கும், ஐயா. இன்று நான்தான் இறக்கினேன். இடம் காலியாகத் தெரியக் கூடாது என்று நினைத்தேன்" என்றது.

"நாங்கள் பார்க்க வந்ததே அந்தக் காவலைத்தான்" என்றது ஆமை. "சென்ற குழு வகுப்பறையை மட்டும் பார்த்துவிட்டுப் போனது, அது அவர்கள் பிழை. 'தலையை நிமிர்த்தி மரத்தைப் பாருங்கள்' என்று நீங்கள் அவர்களிடம் சொல்லவில்லை. அது உங்கள் பிழை. இன்று அந்தப் பிழைக்காக ஒரு பிள்ளை உயிரை விட்டிருக்கும்."

"கல்லூரியை மூடிவிட வேண்டுமா, ஐயா?"

"உங்கள் குரலுக்கு ஐந்து இலையும் தகும். உங்கள் கல்லூரிக்கு இன்று ஒன்றுகூடக் கட்ட மாட்டேன். சபையிடம் மழைக்காலம் முடியும் வரை தவணை கேட்கிறேன். பிறகு வருவோம். என்றைக்கு என்று சொல்ல மாட்டோம்."

நீலவேணி மருதியிடம் சென்றது. "இனி யார் தடுத்தாலும், ஏன், நானே தடுத்தாலும், வாசனை வந்தால் கூவு" என்றது.

மழைக்காலம் முடிந்தது. ஒரு காலையில் குழு சொல்லாமல் வந்தது. நாரை மேலே பறந்து வந்து கரையில் இறங்கியது. ஆமையும் முள்ளம்பன்றியும் பாதை வழியே மெல்ல நடந்து வந்தன. ஆமையின் மூக்கு வளைவைத் தாண்டியதுமே வருவது யாரென்று பார்க்கக் காத்திராமல், மருது மரத்தடியில் மருதி காலைத் தட்டிக் கூவியது. உச்சியில் மந்திக் குட்டி கத்தியது. நொடிப்பொழுதில் கரை வெறிச்சோடியது.

"நம்மை வரவேற்க ஒருவர்கூட இல்லையே!" என்றது முள்ளம்பன்றி.

"அதற்காகத்தான் இலை கட்டப்போகிறேன்" என்று சொல்லி, ஆமை வாயிலில் நான்கு இலைகளைக் கட்டச் செய்தது.

நீலவேணி இலைகளைப் பார்த்தது. "ஒன்று ஏன் குறைகிறது, ஐயா?"

"நாரை வானத்தின் வழியே வந்தது. யாரும் கூவவில்லையே!"

நீலவேணி வாதாடவில்லை. அன்றே ஒரு மயில் குஞ்சை அழைத்து, வானத்தைப் பார்த்தபடி பாறைமேல் உட்கார வைத்தது.

பிறர் கண்ணுக்குச் சிறப்பாகத் தெரிய வேண்டும் என்று தன் உண்மையான பணியை ஒரு நாள் நிறுத்தினாலும், அந்த ஒரு நாளிலேயே கல்விக்கூடம் தன் தரத்தை இழந்துவிடும்.