மூட்டை போகாமல் கடன் தீர்ந்த கதை

நாற்பதாயிரத்துப் பதினேழு வெள்ளிக்காசு. முன்னொரு காலத்தில், ஆற்றின் இரு கரையிலும் பரந்து கிடந்த ஒரு ராஜ்யத்தில், கீழக்கடை ஏகப்பர் மேலக்கடை சாத்தப்பருக்கு ஒரு நாளில் தர வேண்டியிருந்த தொகை அது. இரண்டும் பணக்கடைகள். கீழக்கடையில் பணம் போட்டவர்கள் மேற்குக்கரை ஆட்களுக்குப் பணச்சீட்டு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அவர்கள் அதை மேலக்கடையில் கொடுத்துத் தங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். அத்தனை சீட்டுக்கும் ஏகப்பர் பொழுது சாய்வதற்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

கடைக்காரர்கள் பணத்தோடு ஓடிவிடக் கூடாதே என்று, அவர்கள் காசையெல்லாம் அரண்மனைப் பொக்கிஷத்தில்தான் வைக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. ஒரே அறை. தரையில் குறுக்கே ஒரு கயிறு. கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஏகப்பர் மூட்டைகள், அந்தப் பக்கம் சாத்தப்பர் மூட்டைகள். தினமும் பன்னிரண்டு சுமையாட்கள் ஏகப்பர் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு, பாலம் கடந்து மேலக்கடைக்குப் போவார்கள். அங்கே எண்ணுவார்கள். எண்ணி முடிந்ததும் சட்டப்படி அதே மூட்டைகளை அதே ஆட்கள் அதே அறைக்குத் திரும்பத் தூக்கி வந்து, கயிற்றுக்கு அந்தப் பக்கம் வைப்பார்கள். மூட்டை வாசல் தாண்டும்போதெல்லாம் பொக்கிஷ அதிகாரி வரதுங்கருக்கு ஒரு காசு.

எண்ணியவர்களுக்கு இதில் ஒன்றும் தப்பாகப் படவில்லை. தூக்கியவர்களுக்குப் பட்டது. "ஏலேலோ, எடுத்த இடத்துல வைக்கப் போறோம்!" என்று பாடிக்கொண்டே பாலம் கடந்தார்கள்.

அந்தப் பெரிய கடன் தீர வேண்டிய நாளன்று, பாட்டுச் சத்தத்தில் ராஜாவின் பகல் தூக்கம் கலைந்தது.

"போகிற மூட்டைகளைத் திருப்புங்கள்! இன்று முதல் பாலத்தில் ஒரு மூட்டையும் போகக் கூடாது! ஆனால் கடன் அன்றன்றைக்கே தீர்ந்தாக வேண்டும்!"

சபை தலை குனிந்தது. வரதுங்கர் மட்டும் எழுந்தார். விகடகவி ஒச்சப்பனை அவருக்குக் கண்ணில் காட்டக் கூடாது. மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன், ராஜாவைச் சிரிக்க வைத்தே சபையில் ஆசனம் வாங்கியவன்.

"பிரபு, இவ்வற்புதம் செய்ய வல்லவர் ஒச்சப்பர் ஒருவரே. ஒரு காசும் பொக்கிஷ வாசலைத் தாண்டாமல் இன்றே தீர்க்கட்டும். தவறினால் பழைய தொழிலுக்கே போகட்டும், ஆயுள் முழுவதும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

ஒச்சப்பன் தோளைத் தடவிக்கொண்டான். காய்ப்பு இன்னும் போகவில்லை.

சாயங்காலம் எல்லோரும் பொக்கிஷ அறையில் கூடினார்கள். ஒச்சப்பன் மறுபடி சுமை தூக்கட்டும் என்று வரதுங்கர் கையோடு ஒரு சும்மாடும் கொண்டுவந்திருந்தார்.

ஒச்சப்பன் குனிந்தான். மூட்டைக்கு ஆயிரம் காசு. எதையும் தூக்கவில்லை, கயிற்றை எடுத்து, ஏகப்பர் பக்கத்து மூட்டைகளில் நாற்பதைத் தாண்டிப் போட்டான். அடுத்த மூட்டையை அவிழ்த்து, பதினேழு காசை எண்ணிக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் தள்ளினான்.

"முடிஞ்சுது மகாராஜா."

"என்னய்யா முடிஞ்சுது?" என்று சாத்தப்பர் குதித்தார். "என் கடைக்குக் காசு வரவே இல்லையே!"

"வந்தா என்ன பண்ணுவீங்க செட்டியாரே?"

"எண்ணிட்டு இங்க கொண்டாந்து வைப்பேன்."

"வச்சாச்சு."

சாத்தப்பர் கயிற்றைக் காலால் தொட்டுப் பார்த்தார். "அது சரி, ராத்திரியில ஏகப்பர் வந்து கயித்தைத் திரும்ப நகர்த்திட்டா?"

"நான் என்ன திருடனா?" என்றார் ஏகப்பர்.

ஒச்சப்பன் கயிற்றின் நுனிகளைச் சுவர் வளையங்களில் முடிந்து, அரக்கை உருக்கி முடிச்சில் ஊற்றினான். "மகாராஜா, உங்க மோதிரத்தை இதுல பதிச்சிடுங்க. இனி உங்களைத் தவிர யாரும் தொட முடியாது."

ராஜா பதித்தார்.

"என் வாசல்காசு?" என்று முனகினார் வரதுங்கர்.

"கயிறு வாசலைத் தாண்டலையே சாமி."

ராஜா யோசித்தார். "இத்தனை வருஷமாக இதை ஒருவரும் என்னிடம் சொல்லவில்லையே?"

"தினமும் பாலத்துல பாடுனோம் மகாராஜா. அதைத்தான் சத்தம்னு சொன்னீங்க."

வரதுங்கர் ராஜாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு ராஜா சிரித்தார். வயிறு குலுங்க, மூட்டை மேலேயே உட்கார்ந்து சிரித்தார். "என்ன பரிசு வேண்டும், கேள்!"

"இந்தக் கயிறு லேசுப்பட்டதில்லை. தினமும் நகர்த்தப் பன்னிரண்டு ஆள் வேணும். பழைய கூலி."

"கூலியை யார் கொடுப்பது?"

"வரதுங்கர் சாமி சேர்த்து வச்ச வாசல்காசு இருக்கே."

ராஜாவுக்கு மறுபடி சிரிப்பு வந்துவிட்டது. முத்துமாலையைக் கழற்றி ஒச்சப்பன் கழுத்தில் போட்டார். வரதுங்கர் கையிலிருந்த சும்மாட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

சாத்தப்பர் முத்திரையை இரண்டு தரம் தடவிப் பார்த்துவிட்டு, மடியிலிருந்த ஏகப்பர் கடைச் சீட்டுகளை எடுத்துக் கிழித்துப் போட்டார். நாற்பதாயிரத்துப் பதினேழு காசு கடன் தீர்ந்தது. அன்றைக்கு யாருக்கும் தோள் வலிக்கவில்லை.