அக்கறையால் பட்டினி கிடந்த அரசி

முன்னொரு காலத்தில் கொன்றைமாநகரைத் தலைநகராகக் கொண்ட நாட்டை வல்லபதேவன் என்றொரு மன்னன் ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் கடைசியாகக் காதில் விழுந்த பேச்சே அவனுக்குச் சட்டம்.

அவனுடைய அரசி செங்கமலைக்கு ஆண் குழந்தை பிறந்தது. மகிழ்ச்சி தாங்காமல் மன்னன் அவையில் அறிவித்தான்: "பிள்ளை பெற்றவளுக்கு ஆகாத உணவு எது என்று சொல்பவருக்குப் பட்டுச் சால்வை!"

வந்தது வினை. "புளி சூடு," என்றார் ஒருவர். "தயிர் குளிர்ச்சி," என்றார் அடுத்தவர். பருப்பு வாயுவாம், கீரை மந்தமாம். நெய் கூடவே கூடாது என்று ஒருவர் சொல்ல, நெய் இல்லாமல் சோறே கூடாது என்று இன்னொருவர் சொன்னார். எதற்கு வம்பு என்று மன்னன் நெய்யையும் விலக்கினான், சோற்றையும் விலக்கினான். அவைப் பண்டிதர் குணமாலையாரின் தோளிலோ சால்வை மேல் சால்வை ஏறியது.

கடைசியில் அரசிக்கு மிஞ்சியது கஞ்சித் தண்ணீர். எழுந்து நின்றால் அவளுக்குக் கண் இருட்டியது. பால் சுரக்காமல் பிள்ளை வீறிட்டு அழுதது. யாரை நொந்துகொள்வது? எல்லோரும் நல்லதற்குத்தானே சொன்னார்கள்!

பார்க்க வந்த அமைச்சர் இளஞ்சேந்தனிடம் அரசி மெல்லச் சொன்னாள்: "அமைச்சரே, என்மேல் எல்லோருக்கும் அக்கறை. அந்த அக்கறையிலேயே நானும் பிள்ளையும் பட்டினி கிடக்கிறோம்."

அமைச்சர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டு அவைக்குப் போனார்.

அமைச்சர் மேல் நெடுநாள் பொறாமை கொண்டிருந்த குணமாலையார் அங்கே வாயைத் திறந்தார். "எல்லோரும் பத்தியம் சொன்னோம். அமைச்சர் மட்டும் வாயே திறக்கவில்லை. அரசி மேல் அவ்வளவுதான் பிரியம் போலும்!"

"மன்னா, பண்டிதர் சொல்வது சரி," என்றார் அமைச்சர். "பிள்ளையைத் தொட்டிலில் இடும் நாள் விருந்தை என் பொறுப்பில் விடுங்கள். இந்த அவை சொன்ன பத்தியத்தை ஒன்று விடாமல் கடைப்பிடித்துச் சமைக்கிறேன். அரசியும் நம்மோடு அமரட்டும்."

விருந்தன்று வாழையிலைகள் விரிந்தன. மன்னன் எழும்வரை யாரும் இலையை விட்டு எழக்கூடாது என்பது அந்நாட்டு வழக்கம். பரிமாறுபவர்கள் வரிசையாக வந்தார்கள், காலிப் பாத்திரங்களோடு!

"பருப்பு! வாயு என்பதால் இல்லை."

"புளிக்குழம்பு! சூடு என்பதால் இல்லை."

மன்னன் முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். வேடிக்கை பார்க்கும் ஆசையில் எழவே இல்லை. உச்சி வெயில் சாய்ந்தது. குணமாலையாரின் வயிற்று இரைச்சல் பக்கத்து இலைவரை கேட்டது.

"ஐயா அமைச்சரே, ஒரு கைப்பிடி தயிர்ச்சோறாவது போடக்கூடாதா?"

"தயிர் ஆகாது என்று சால்வை வாங்கியவர்களில் நீங்களும் ஒருவர், பண்டிதரே."

"அது அரசிக்கு! எனக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும்."

"எப்படித் தெரியும்?"

"என்ன கேள்வி இது! தினமும் சாப்பிடுகிறவன் நான். என் வயிற்றுக்குத் தெரியாதா?"

அமைச்சர் மன்னன் பக்கம் திரும்பினார். "மன்னா, பண்டிதரின் வயிற்றுக்குத் தெரிகிறது. அரசியின் வயிற்றை நாம் யாராவது கேட்டோமா?"

மன்னனின் சிரிப்பு நின்றது. மனைவியின் வெளுத்த முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தான். "தேவி, உனக்கு என்ன வேண்டும்?"

செங்கமலை ஒவ்வொன்றாகச் சொன்னாள். "சுடுசோறு, பருப்பு, கொஞ்சம் நெய். பூண்டு ரசம். ஒரு கீரை. பிள்ளை உண்டாகும் முன்பும் இவற்றைத்தானே சாப்பிட்டேன்? ஒத்துக்கொள்ளாதது எது என்று தெரிந்தால் நானே ஒதுக்கிவிடுகிறேன், அத்தான்."

அமைச்சர் கைதட்டினார். அடுக்களையில் எல்லாம் தயாராக இருந்தது.

மன்னன் தன் தோளில் இருந்த சால்வையை எடுத்து அமைச்சருக்குப் போர்த்தினான். பிறகு பண்டிதரைப் பார்த்தான். "குணமாலையாரே, இன்றுமுதல் அரசியின் இலைக்கு நீர்தான் பரிமாற வேண்டும். சாப்பாட்டைப் பற்றி அவளிடம் நீர் பேசக்கூடியது ஒன்றே ஒன்று: 'இன்னும் கொஞ்சம் போடட்டுமா?'"

அவை கொல்லென்று சிரித்தது. பண்டிதர் சால்வைகளைக் கழற்றி வைத்துவிட்டுக் கரண்டியைப் பிடித்தார்.

நெய் மணக்கும் முதல் கவளத்தை விழுங்கியபோது செங்கமலையின் கண் நிறைந்தது. சோற்றுக்கு நன்றி, அமைச்சருக்கு நன்றி, கேட்கத் தெரிந்துகொண்ட கணவனுக்கும் நன்றி.

"தேவி," என்று தயங்கினார் பண்டிதர், "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?"

"போடுங்கள் பண்டிதரே," என்றாள் அரசி. "போட்டுவிட்டு நீங்களும் உட்காருங்கள். உங்களுக்குத் தயிர் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்."