கான்கர் பண்ணின காட்டுப்பன்னி

காட்டோரத்துல ஒரு குளம். கோடையிலயும் வத்தாது. அடியில ஒரு ஊத்து இருந்துச்சு. தினமும் விடிஞ்சதும் நண்டுங்க எல்லாம் சேந்து, ஊத்துக்கண்ணுல அடைஞ்ச சேத்தை வாரி வெளியே தள்ளும். அது முடியிற வரைக்கும் யாரும் தண்ணியில வாய் வெக்கக் கூடாது. அதுதான் அந்தக் குளத்து வழக்கம்.

குளத்து நடுவுல கோரைப்புல் திட்டு. அதுல ஒரு கானாங்கோழி அஞ்சு முட்டைய அடைகாத்துச்சு. சரியான வாயாடி!

கரையில ஒரு நரி. அதுக்கு அந்த முட்டைங்க மேலதான் கண்ணு. ஆனா சுத்தி ஆழமான தண்ணி. நரிக்குத் தண்ணின்னாலே நடுக்கம். அதனால ஒரு திட்டம் போட்டுக்கிட்டு, தினமும் அங்க தண்ணி குடிக்க வர்ற ஒரு காட்டுப்பன்னிகிட்ட போச்சு.

"ராசா! பள்ளிக்கூட ஜன்னலுக்குக் கீழ படுத்திருந்தேன். ஒரு இங்கிலீஷ் வார்த்தை காதுல விழுந்துச்சு. கான்கர்!"

"அப்படின்னா?"

"ஒரு இடத்துக்குள்ள புகுந்து, அங்க இருக்கிறவங்களை அடிச்சுத் தோக்கடிச்சு, அந்த இடத்தையே நம்மளோடதா ஆக்கிக்கிறது. பெரிய பெரிய ராஜாங்க பண்ற வேலை!"

"நான் பண்ணலாமா?"

"நீ பண்ணாம பெருச்சாளியா பண்ணும்? குளத்தை கான்கர் பண்ணு! முதல்ல அந்த நண்டுங்களை விரட்டு. தினமும் உன்னையே காக்க வெக்குதுங்களே, வெக்கமா இல்ல?"

பன்னிக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்துச்சு. குளத்துல பாஞ்சு ஒரே மிதி! நண்டுங்க சிதறிக் கரையேறி ஓடிடுச்சு.

"நான் குளத்தை கான்கர் பண்ணிட்டேன்! நான் நண்டை கான்கர் பண்ணிட்டேன்!"ன்னு பன்னி நாள் முழுக்கக் கத்துச்சு.

"காது கிழியுது, நிறுத்துண்ணே!"ன்னு கானாங்கோழி சீறுச்சு. "ஊத்துக்கண்ணை யாரு தோண்டுவா? உங்க மாமனாரா?"

"தண்ணி என்னோடது. நான் சொன்னா வரும்!"

"அப்ப சொல்லு, பாப்போம்!"

பன்னி சொல்லுச்சு. உறுமிச் சொல்லுச்சு. தண்ணி வரல. ஊத்துக்கண்ணு அடைஞ்சு போச்சு. ஒரு வாரம் வெயில் அடிச்ச அடியில குளம் வெறும் சேறாச்சு. கானாங்கோழி முட்டைய விட்டு நகரவே இல்ல. இன்னும் நாலே நாள்ல குஞ்சு பொரிஞ்சிடும்!

அன்னைக்குச் சாயங்காலம் நரி நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு சேத்துல கால் வெச்சுச்சு.

"டேய்! எறங்காதே! இது நான் கான்கர் பண்ணின குளம்!"ன்னு பன்னி கத்துச்சு.

நரி விழுந்து விழுந்து சிரிச்சுது. "அந்த வார்த்தையே நான் உனக்குப் போட்ட பிச்சைடா! தண்ணி வத்தணும், நான் முட்டை தின்னணும். அதுக்குத்தான் உன்னைக் கிளப்பி விட்டேன். ஓரமாப் போ!"

பன்னி பாஞ்சுது. வயிறு வரைக்கும் சேத்துல மாட்டிக்கிச்சு. நரி நடந்துக்கிட்டே இருந்துச்சு.

"நண்டண்ணே! ஓடி வாங்க!"ன்னு கானாங்கோழி அலறுச்சு.

கரைப்பொந்துல இருந்து பெரிய நண்டு எட்டிப் பாத்துச்சு. "எங்களை மிதிச்சானே, அவனுக்காகவா?"

"அவன் கெடக்கான் விடுங்க! என் முட்டைண்ணே!"

பன்னி தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு, "தப்புதான், வந்துடுங்க"ன்னு முனகுச்சு.

நண்டுங்க அதைக் கேக்கவே இல்ல. அதுக்குள்ளயே கெளம்பிடுச்சு. சேறுன்னா அதுங்களுக்கு வீட்டுத் தரை மாதிரி. சரசரன்னு ஓடி, நரியோட நாலு காலையும் கவ்விச்சு. ஒண்ணு மூக்கையே புடிச்சுது!

"ஐயோ! விடுங்கடா! அம்மா!"

நரி உருண்டு பெரண்டு கரையேறி, திரும்பிக்கூடப் பாக்காம ஓடிப் போச்சு.

கானாங்கோழி முட்டைங்களை எண்ணிப் பாத்துச்சு. அஞ்சும் அப்படியே இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் மூச்சே வந்துச்சு.

"என்ன மகாராஜா, சேத்துலயே குடும்பம் நடத்தப் போறியா?"ன்னு பெரிய நண்டு பன்னியைக் கேட்டுச்சு. "மூக்கு நல்லா நீளமாத்தானே இருக்கு? உன் வலது பக்கம்தான் ஊத்துக்கண்ணு. தோண்டு!"

பன்னி குனிஞ்சு மூக்கால தோண்டுச்சு.

"இன்னும் ஆழமா!"

தோண்டுச்சு.

"அது கல்லு! தள்ளித் தோண்டுடா!"

தள்ளித் தோண்டுச்சு. குபுக்குன்னு தண்ணி வந்துச்சு! சேறு இளகி பன்னிக்குக் காலும் விடுபட்டுச்சு. நல்லா இருட்டுறதுக்குள்ள கோரைத்திட்டைச் சுத்தித் தண்ணி நின்னுடுச்சு.

"இப்ப ஒரு தடவை கான்கர்னு சொல்லேன்?"ன்னு கானாங்கோழி சீண்டுச்சு.

"தாயே, ஆளை விடு!"

எல்லாரும் சிரிச்சாங்க. ஒரு வாரமாக் கண்ணு மூடாத கானாங்கோழி, முட்டைங்க மேல நல்லா உக்காந்து, சிரிப்பு அடங்குறதுக்குள்ளயே தூங்கிப் போச்சு.

ஒரு இடத்தைக் காப்பாத்துறவங்களை மிதிச்சு விரட்டிட்டு, அந்த இடத்தை ஜெயிச்சிட்டேன்னு சொல்றவன் எதையுமே ஜெயிக்கல.