அறுபது நாள் தக்காளி

மரபணுத் திருத்த ஆய்வகத்தில் சகாயராணி தொழில்நுட்ப உதவியாளர். அழுகாத தக்காளிச் செடியை இலைத்துண்டிலிருந்து வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். முதல் பழம் பறித்துப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் இயக்குநர் வரதராஜுலு, அறுபது நாளாகக் கெடவில்லை என்று அறிக்கை அனுப்பிவிட்டார்.

“நாளைக்கு அறிக்கையைச் சரிபார்க்கக் குழு வருது. அறுபது நாள் பழம் மேசையில இருக்கணும். இல்லேன்னா உன் வேலை உனக்கில்ல.”

“ஆகட்டும் சார். பழம் மட்டும் போதுமா, செடியும் வேணுமா?”

“செடியையும் கொண்டா. பார்க்க எடுப்பா இருக்கும்.”

மறுநாள் குழுத்தலைவி ஜமீலா பழத்தை அழுத்திப் பார்த்தார். கல்லு மாதிரி இருந்தது.

“அறுபது நாளா?”

“ஆமாம்,” என்றார் இயக்குநர்.

“எந்தச் செடியில பறிச்சது?”

சகாயராணி தொட்டியை முன்னால் நகர்த்தினாள். “இதுலதாங்க மேடம். முதல் பூ விட்ட தேதி தொட்டியில இருக்கு. சாரே கையெழுத்துப் போட்டிருக்காருங்க.”

ஜமீலா தேதியைப் படித்தார். “அறுபது நாளைக்கு முன்னால இது பூக்கவே இல்லையே!”

ஜமீலா சகாயராணி பக்கம் திரும்பினார்.

“நிஜமா எத்தனை நாள்?”

“பன்னிரண்டுங்க. அன்னைக்கே பறிச்ச சாதாரணத் தக்காளி இந்த டப்பாவுல இருக்கு.” அவள் கொண்டுவந்திருந்த டப்பாவைத் திறந்தாள். பழம் கூழாகிக் கிடந்தது. நாற்றம் மூக்கைத் துளைத்தது. “எங்க பழத்துக்குப் பொய் தேவையில்லைங்க மேடம்.”

ஜமீலா அறிக்கையை அவளிடமே நீட்டினார். சகாயராணி அறுபதை அடித்துப் பன்னிரண்டு என்று எழுதினாள். கீழே நிமிர்ந்த எழுத்தில், ‘திருத்தியவர்: சகாயராணி.’