வலது பக்கம் அரை மணி

ராணுவ மருத்துவமனையில் முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கென்று ஒரு வார்டு. உதவிக்கு வருகிறவர்கள் முதலில் போய் நிற்கும் இடம் மூன்றாம் கட்டில். அதில் கிடந்த ஹவில்தார் தேவசகாயத்துக்கு முப்பத்தாறு வயது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லை. புதியவர்களுக்கு வேலை சொல்லிக்கொடுப்பதால் வார்டில் அவருக்குக் குரு என்று பெயர்.

மாசிலாமணி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வந்த அன்றே கேட்டார்.

"உங்களுக்கெல்லாம் நான் என்ன செய்யலாம், குருவே?"

"மணி பார்த்து என்னைத் திருப்பிப் போடுங்க சார்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

மாசிலாமணிக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

குருவின் வலது இடுப்பில் படுக்கைப்புண். நான்கு மாதம் படுத்தியெடுத்துவிட்டு இப்போதுதான் மூடியிருந்தது. அந்தப் பக்கம் அரை மணிக்கு மேல் படுக்கக் கூடாது. திங்கட்கிழமை டாக்டர் பார்த்து, காய்ந்திருந்தால் வீட்டுக்கு அனுப்புவார். புதன்கிழமை குருவின் மகள் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போகிறாள். சக்கர நாற்காலியில் கூடவே வருவதாகப் போனில் சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை நாலு மணிக்கு மாசிலாமணி அவரை வலப்பக்கம் திருப்பினார். எதிர்க்கட்டில் சிப்பாய் சும்மா இருக்காமல், "சார், ஏதாவது பேசுங்களேன், பொழுதே போகலை" என்றார்.

முப்பது வருஷம் மேடையில் பேசிய வாய். தன்னம்பிக்கையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். நாலரைக்கு நர்ஸ் ரோஸ்லின் வந்து கட்டிலருகே நின்றாள்.

"ஒரே நிமிஷம்மா, நான் பார்த்துக்கறேன்" என்று கையமர்த்தினார்.

அவளை வேறு வார்டில் கூப்பிட்டார்கள். போய்விட்டாள்.

பேச்சு முடிந்தபோது ஐந்தே முக்கால். எல்லோரும் கைதட்டினார்கள். குருவும் தட்டினார். மாசிலாமணி அவரைத் திருப்பிப் போட்டுவிட்டு, மனம் நிறைந்து வீட்டுக்குப் போனார்.

திங்கட்கிழமை டாக்டர் துணியை விலக்கினார். புண் மறுபடி வாய் திறந்திருந்தது.

"இன்னும் மூணு மாசம்" என்றார்.

மாசிலாமணி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நான்தான் மறந்தேன். உங்களுக்குமா தெரியலை?"

"இடுப்பு எனக்கு ஒண்ணும் சொல்றதில்லை சார். ஆனா மணி பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்."

"பின்னே ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா? குழந்தை காத்துக்கிட்டிருக்குமே!"

"போன வருஷம் ஒருத்தரைப் பேச்சுக்கு நடுவுல நிறுத்தினேன். முகம் சுண்டிப்போய்க் கிளம்பினவர் அப்புறம் இந்தப் பக்கமே வரலை. எங்களைத் திருப்பிப் போட ஆள் வேணும் சார்."