தப்பாக அடுக்கிய கேரியர்

கிட்ட வந்து உட்காருங்க. சத்தம் போட்டுச் சொல்ற கதை இல்லை இது.

கல்யாணச் சமையலை விட்டுவிட்டு, தனியாக இருக்கிற பெரியவர்களுக்கு மதியச் சாப்பாடு அனுப்பலாம் என்று கிளம்பினார் சிகாமணி. மேலவீதியில் மூன்று வீடு கிடைத்தது. மூன்று வீட்டுப் பிள்ளைகளும் வெளியூர்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. மடத்துக்கு வந்து குரு வடிவாம்பாள் முன்னால் மூன்று கேரியரையும் இறக்கி வைத்தார். குருவுக்கு அவரைவிட வயது குறைவுதான். ஆனாலும் மனசு கனத்தால் சிகாமணி வருவது இங்கேதான்.

"அம்மா, தூக்கிப் பாருங்க."

தூக்கினார். கனமாக இருந்தது.

"கொடுத்தது கொடுத்த மாதிரியே திரும்பி வருது. சோத்தைக் குழைச்சுப் பார்த்தேன். உப்பைக் குறைச்சேன், காரத்தைக் குறைச்சேன். ஆளுக்கு ரெண்டு வாய்தான். இந்த வாரத்தோட நிறுத்திக்கங்கன்னு பிள்ளைங்க போன் பண்ணிட்டாங்க. அப்புறம் நான் அடுப்பை அணைக்க வேண்டியதுதான்."

குரு ஓர் அடுக்கைத் திறந்து ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய். அடுக்கே காலி.

"சமையல்ல குத்தமில்லை" என்றார். "நாளைக்கு நான் அடுக்கறேன்."

மறுநாள் அடுக்கினார். ஒரு கேரியர் முழுக்கச் சோறு. இன்னொன்று முழுக்கக் குழம்பு. மூன்றாவதில் மேலிருந்து கீழ்வரை அவரைக்காய்ப் பொரியல்.

"அம்மா, தப்பா அடுக்கறீங்க."

"தெரியும். கொண்டு போங்க."

கொடுத்துவிட்டு இருவரும் தெருமுனையில் நின்றார்கள்.

முதல் கதவு திறந்தது. தபால்காரராக இருந்த பிச்சமுத்து.

"யோவ் சிகாமணி, நான் என்ன யானையா? அத்தனை அடுக்கும் வெறுஞ்சோறு."

எதிர்வீட்டுக் கண்ணாத்தா ஆச்சி தலையை நீட்டினார். "உங்களுக்குச் சோறாவது வந்துச்சு. எனக்கு வந்த குழம்புல குளிக்கலாம்."

பக்கத்து வீட்டிலிருந்து ரெஜினா டீச்சர் கேரியரோடு வெளியே வந்தார். "எனக்கு அவரைக்காய்த் தோட்டமே வந்திருக்கு."

"சோத்தை இங்கிட்டுக் கொண்டாங்க, தபால்காரரே" என்றார் ஆச்சி.

"ஏன், குழம்பு நடந்து வராதோ?"

"எனக்கு முட்டி வலி."

"எனக்கு மட்டும் என்ன, இளவட்ட முட்டியா?"

"ரெண்டு பேரும் வம்பளக்காம என் வீட்டுக்கு வாங்க" என்றார் டீச்சர். "மேசை பெருசு. ஆறுது பாருங்க."

போனார்கள்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே சண்டை. குழம்பில் புளி தூக்கல் என்கிறார் ஒருவர். அப்படியென்றால் எதற்கு மூன்றாம் தரம் ஊற்றுகிறீர் என்கிறார் இன்னொருவர். யாருக்கோ சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அடுக்கைக் கரண்டியால் சுரண்டுகிற சத்தம் தெருவரைக்கும் கேட்டது.

சிகாமணி முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"அம்மா, நாளைக்கு ஒழுங்கா அடுக்கிடட்டுமா?"

அதற்குள் ஆச்சியின் குரல். "மோர் எங்கய்யா? மோரையே காணோமே."

குரு பையிலிருந்து ஒரு தூக்கு மோரை எடுத்துச் சிகாமணி கையில் கொடுத்தார்.

இன்னொரு கையில் ஒரு காலித் தட்டை வைத்தார்.