ஆற்றங்கரையில் வைத்த கிழங்கு

குலுங்குமலைக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சும்மா கிடக்கும்போதே திடீரென்று உடம்பைச் சிலிர்த்துக்கொள்ளும். அப்போது அதில் வளை தோண்டிக் குடியிருக்கிற பெருச்சாளி, கீரி, உடும்பு, முள்ளம்பன்றி எல்லோர் வீடும் பொலபொலவென்று சரிந்துவிடும்.

அந்த மலையில் கருப்பாயி என்றொரு பெருச்சாளி இருந்தாள். வாய் கொஞ்சம் நீளம்தான். பிடித்த பிடியையும் விடமாட்டாள். போன முறை மலை ஆடியபோது அவள் வளை தூர்ந்துபோனது. ஆபத்துக்கு உதவும் என்று எல்லோரும் சேர்த்துவைத்த கிழங்கு, முள்ளம்பன்றி ஈட்டியப்பனின் வளையில் இருந்தது. மலையிலேயே ஆழமான வளை அதுதான். அதுவும் அன்றைக்கே இடிந்து விழுந்தது! தின்ன ஒன்றுமில்லாமல் புது வளை தோண்ட யாருக்கும் தெம்பில்லை. அதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கருப்பாயியின் குட்டிகள் நனைந்து நனைந்தே செத்தன. அந்தத் துக்கம் அவள் நெஞ்சை விட்டுப் போகவே இல்லை.

மழை விட்டதும் ஈட்டியப்பன் ஊர்க்கூட்டம் போட்டார். நல்ல மனிதர் என்று சொல்ல முடியாது, அவர் முள்ளம்பன்றி. ஆனால் அடுத்தவர் கிழங்கை முகர்ந்துகூடப் பார்க்காதவர். இந்த முறை இன்னும் ஆழமாகத் தோண்டி அதில் சேர்த்துவைப்போம் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள், கருப்பாயியைத் தவிர.

"எவ்வளவு ஆழமாத் தோண்டினாலும் அதுவும் இந்த மலைதானே, அண்ணே? நம்ம வீடு விழுற அன்னைக்கு அதுவும் சேர்ந்துதான் விழும். ஆடாத மண்ணுல கொண்டுபோய் வைப்போம். ஆத்தங்கரையில நீர்நாய்ங்க இருக்காங்க. அவங்க கிழங்கு திங்க மாட்டாங்க."

ஈட்டியப்பன் முள் குலுங்கச் சிரித்தார். "கிணத்துத் தண்ணிய வெள்ளமா கொண்டுபோகும், தங்கச்சி? நம்ம பொருள் நம்ம கையில இருக்கிறதுதான் பத்திரம்."

கருப்பாயி அதற்கு மேல் வாதாடவில்லை. நேராக மலையிறங்கி, நீர்நாய்களின் தலைவன் ஓடையனிடம் போய் நின்றாள். அவனுக்கும் ஒரு குறை இருந்தது. ஆறு பொங்கினால் கரையில் ஒரு வளை மிஞ்சாது. குட்டிகளைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுவது என்று தெரியாமல் தவிப்பார்கள். ஆறு பொங்கும் நாளில் எங்கள் வீட்டில் வந்து தங்குங்கள், மலை ஆடும் நாளில் உங்களிடம் நாங்கள் வைக்கிற கிழங்கோடு வந்து வளை தோண்டிக் கொடுங்கள் என்றாள் கருப்பாயி.

ஓடையன் விவரமானவன். மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தான்.

"இதோ பாரும்மா, ஒரு கல்லு உருண்டுச்சு, சுவத்துல கீறல் விழுந்துச்சுன்னு எங்களைக் கூப்பிடக் கூடாது. அதெல்லாம் உங்க பாடு. வீடே போச்சுன்னா வரோம்."

சரி என்றாள். மலையில் குட்டி வைத்திருந்தவர்கள் பலர் அவளோடு சேர்ந்தார்கள். அறுவடைதோறும் ஒரு பங்கு கிழங்கு ஆற்றங்கரைக்குப் போனது. மற்றவர்கள் ஈட்டியப்பனின் புது வளையையே நம்பினார்கள்.

ஆனால் மலை ஆடவே இல்லை! வருடங்கள் போயின. ஒரு முறை ஆறு பொங்கி, நீர்நாய்கள் கிழங்கையும் தூக்கிக்கொண்டு வந்து தங்கிப் போனதுதான் மிச்சம். வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறாள் என்று கீரி செவலை போகிற வருகிற இடமெல்லாம் கேலி பேசினான். கருப்பாயிக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் ஓர் அறுவடைக்கும் பங்கை நிறுத்தவில்லை.

அவள் மறுபடி குட்டி போட்டிருந்த சமயம், ஒரு நண்பகலில் மலை ஆடியது. குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி வெளியே போட்டதும் வளை பின்னாலேயே விழுந்தது. சுற்றிலும் ஒரு வீடு மிச்சமில்லை. ஈட்டியப்பனின் ஆழ வளை மேல் ஒரு பாறை உட்கார்ந்திருந்தது. வானமோ கருகருவென்று திரண்டுகொண்டிருந்தது.

"எங்க உன் நீர்நாய்ங்க?" என்றான் செவலை.

கருப்பாயி ஆற்றுப் பக்கம் எட்டிப் பார்த்தாள். ஊரார் பிள்ளைகளின் சோற்றை வேறு மண்ணில் இருப்பவர்களிடம் அள்ளிக் கொடுத்துவிட்டோமோ? இந்தக் குட்டிகளும் நனைந்து சாகத்தானா?

அப்போது சரிவில் புதர்கள் அசைந்தன. முன்னால் ஓடையன், பின்னால் அவன் கூட்டம் முழுவதும்! தாமரை இலையில் கட்டிய கிழங்குகளை இழுத்துக்கொண்டு மூச்சிரைக்க ஏறி வந்தார்கள். வந்ததும் வேலைதான். ஒரு பக்கம் நீர்நாய்கள் மண்ணை வாரித் தள்ளினார்கள். மறு பக்கம் மலைக்காரர்கள் வயிறாரத் தின்றுவிட்டு அவர்களோடு சேர்ந்து தோண்டினார்கள். பொழுது சாய்வதற்குள், பங்கு கொடுத்த ஒவ்வொருவருக்கும் ஒரு வளை தயாரானது.

ஈட்டியப்பன் தன் குட்டிகளோடு தள்ளி நின்றார். கருப்பாயியே அவரிடம் போனாள்.

"அண்ணே, அந்தக் கிழங்கு கொடுத்தவங்களோடது, அதுல உங்களுக்குப் பங்கு இல்ல. ஆனா குட்டிங்க நனையக் கூடாது. அதுங்களை என் வளைக்கு அனுப்புங்க, முள்ளை மட்டும் மடக்கிக்கச் சொல்லுங்க. நீங்க வந்து அதை இன்னும் பெரிசாத் தோண்டுங்க. உங்களை மாதிரி தோண்ட இந்த மலையில ஆளு கிடையாது."

ஈட்டியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தோண்ட இறங்கினார். செவலையும் வாயை மூடிக்கொண்டு மண் தள்ளினான். அவர்கள் குட்டிகளும் உள்ளே போய்ச் சேர்ந்த பிறகுதான் மழை கொட்டியது. கருப்பாயி வளை வாசலில் உட்கார்ந்து அந்த மழையை நேருக்கு நேர் பார்த்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் குட்டிகள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு சண்டை போட்டன. ஒன்றுகூட நனையவில்லை!

அடுத்த அறுவடையில் ஆற்றங்கரைக்கு முதலில் கிழங்கு சுமந்து போனவர் ஈட்டியப்பன்தான்.

ஒரே மண்ணில் நிற்பவர்கள் சேர்ந்தே விழுவார்கள். விழுவதற்கு முன்பே வேறு மண்ணில் துணை தேடி வைத்தவர் வீடே மறுபடி எழும்.